கோலார் விளைச்சல் கெடுவது வானத்தாலா, தேர்ந்த பயிராலா?

அல்சூர்வாசி:
பெங்களூருக்குக் கிழக்கே மாலூர், கோலார், சிந்தாமணிப் பக்கம் விளைச்சல் கெடும்போதெல்லாம், “பருவநிலை மாறிவிட்டது” என்று சொல்லி நம் நகரத் தமிழர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஏரிகளும், ஆண்டுக்கு 700 மி.மீ.யை ஒட்டிப் பெய்யும் மழையும்தான் ஆதாரம். ராகிக்கும் துவரைக்கும் அவரைக்கும் அந்த மழை போதும். தக்காளிக்காக ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்து நீர் எடுப்பதும், சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் 1980களில் தைலமரங்களை நட்டு நிலத்தின் ஈரத்தை உறிஞ்சவிட்டதும் வானத்தின் செயல் அல்ல. புதிதாகத் தைலமரம் நடுவதற்குக் கர்நாடக அரசு தடை விதிக்கவே 2017 வரை ஆயிற்று.

மாலூர் மண்:
ஐயா, சராசரிக் கணக்கில்தான் எங்கள் துன்பம் மறைந்துபோகிறது. நான் கே.ஆர்.புரத்தில் குடியிருந்தாலும் எங்கள் நிலம் மாலூர் வட்டத்தில் இருக்கிறது. அங்கே நாங்கள் விதைப்பது மானாவாரி ராகி மட்டுமே. 2021 நவம்பரில், கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரத்தில் மழை விடாமல் பெய்தது. சாய்ந்த கதிரை நிமிர்த்திப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை முளை விட்டிருந்தது. தாள் கறுத்துப் பூசணம் பிடித்ததால் மாடுகூட வாய் வைக்கவில்லை. மழைமானியைப் பார்த்தால் அது நல்ல ஆண்டு. 2023இல் இதற்கு நேர்மாறாக, 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் வந்தது; மாநிலத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டிலும் நாங்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிர் செய்யவில்லை.

அல்சூர்வாசி:
உங்கள் இழப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது தனிப்பயிராக விதைத்த ராகியின் கதை. முன்பு அந்த வட்டாரத்தில் “அக்கடி சாலு” என்று, சில சால் (உழவு வரி) ராகிக்கு ஒரு சால் என்ற கணக்கில் அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு எல்லாவற்றையும் சேர்த்தே விதைத்தார்கள். நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆகையால் மழை தாமதித்து விதைப்பு தள்ளிப்போனாலும் அது பூக்கும் காலம் பெரிதாக மாறுவதில்லை, ராகி தவறினாலும் மார்கழிப் பனியில் காய் பறிக்கலாம். ராகியும் எளிதில் மடியும் பயிர் அல்ல. இளம்பயிராக இருக்கும்போது சில வாரம் மழை இல்லாவிட்டாலும் வாடிக் கிடந்து, அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். இந்திய ராகியை ஆப்பிரிக்க ராகியோடு கலந்து பயிர் அறிவியலாளர் இலட்சுமணையா உருவாக்கிய இண்டாஃப் இரகங்கள் இந்த மாநிலத்தின் விளைச்சலையே உயர்த்தின. இத்தனை வழிகள் இருக்கும்போது வானத்தை முதல் குற்றவாளி ஆக்குவது சரியில்லை.

ஒசூர்ச் சாலை:
இருவருமே ஆள் கூலியைப் பற்றிப் பேசவில்லை. அக்கடி சாலில் ஒவ்வொரு பயிரும் ஒவ்வொரு நாளில் முற்றுவதால் கையால்தான் அறுக்க வேண்டும். அறுக்க வேண்டியவர்கள் கோலார் மாவட்டத்து நரசாபுரத் தொழிற்சாலைகளுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள். அதனால்தான் இயந்திர அறுவடைக்கு ஏற்ற தனி ராகி பரவியது. நவம்பரில் மழை பெய்தால் அந்த இயந்திரமும் செம்மண் சேற்றில் இறங்காது. தக்காளி மட்டும் வானத்திலிருந்து தப்பிவிட்டதா? கோடைச் சூட்டில் பூ உதிர்கிறது, வெள்ளை ஈ பெருகி இலைச்சுருட்டை நோயைப் பரப்புகிறது. 2023 ஜூலையில் பெங்களூரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது விற்பதற்குக் காய் வைத்திருந்தவர்கள் சிலரே.

அல்சூர்வாசி:
அப்படியானால் விதைப்பைத் தள்ளிப்போட்டு, குறைந்த நாளில் விளையும் இரகத்தை எடுக்கலாமே? நவம்பர் மழைக்குப் பிறகு அறுக்கலாம் அல்லவா?

மாலூர் மண்:
ஐயா, அதையும் விளக்கமாகவே சொல்கிறேன். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற கணக்கில் சூலையில் விதைத்தால் செப்டம்பர், அக்டோபர் மழை கதிர் பிடிக்கும் நேரத்துக்குச் சரியாக வரும். ஆனால் அறுவடை நவம்பரில் போய் மாட்டிக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளினால் அறுவடை தப்பும். ஆனால் கதிர் விடும்போது வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டால் பதர்தான் மிஞ்சும். எந்த ஆண்டு எது நடக்கும் என்பதை விதைக்கும் நாளில் எவராலும் சொல்ல முடியாது. பருவநிலையின் குற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்கு மேல் காப்பீட்டின் குறை ஒன்று இருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிப் (மழைக்கால விதைப்பு) பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு நாங்கள் கட்டுகிறோம். இழப்பை மதிப்பிட, ஊராட்சியில் சில வயல்களை மாதிரிக்கு அறுத்து எடை பார்க்கிறார்கள். முளைத்த ராகிக்கும் எடை உண்டு. ஆகவே இழப்புக் குறைவு என்று கணக்கு வருகிறது. அதே ராகியைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் தரம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். 2025-26க்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்று அறிவித்த ஆதரவு விலை அந்த மூட்டைகளுக்குக் கிடைக்காது. ஊராட்சிதோறும் ஓர் உலர்களமும், முளைத்த கதிரையும் இழப்பாகக் கொள்ளும் மதிப்பீடும் வரட்டும். அவை வந்துவிட்டால், தக்காளிக்கு மாற வேண்டாம் என்று எங்கள் ஊரில் நானே வீடு வீடாகச் சென்று சொல்வேன். அதுவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.