எலாஸ்டிக் ஃபைபர் பாயில் ஏற்றிய மருந்து ஒரு மணி நேரத்திலேயே பாதி கொட்டிவிடுகிறது, என்ன செய்யலாம்?

அம்மாபேட்டை தறிவீடு:
சேலத்தில் எம்.ஃபார்ம் படிக்கிறேன். பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பாலிமரை டி.எம்.எஃப்., டி.எச்.எஃப். என்ற இரண்டு கரைப்பான்களின் கலவையில் கரைத்து, அதிலேயே டைக்ளோஃபெனாக் சோடியம் என்ற வலி மருந்தையும் போட்டு எலக்ட்ரோஸ்பின்னிங் (மின்னழுத்தத்தால் கரைசலை மெல்லிய இழைகளாக இழுத்துப் பாயாகப் படியவைப்பது) செய்கிறேன். 15 கிலோவோல்ட், கரைசல் மணிக்கு 1 மி.லி., ஊசிக்கும் இழை படியும் ஃபாயிலுக்கும் 15 செ.மீ. பாய் அருமையாக வருகிறது, இழுத்துவிட்டால் ரப்பர் மாதிரி சுருங்கிக்கொள்கிறது. ஆனால் பி.எச். 7.4 பஃபரில் (உடல் திரவம் மாதிரியான கரைசல்) 37 டிகிரியில் போட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் பாதி மருந்து வெளியே, அப்புறம் மூன்று நாளைக்குப் பேருக்குக் கசிகிறது. கைடு பாலிமரை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

குகை அக்கா:
பாலிமர் மேல் பழி போடாதீர்கள் தம்பி. தறிவீட்டுக்காரருக்குத் தெரியாததா, சாயம் சரியாக ஏறாத நூலை அலசினால் முதல் தண்ணீர்தான் சிவப்பாக ஓடும். இதுவும் அதே கதை. உங்கள் மருந்து தண்ணீரில் கரையும் உப்பு, பாலியூரித்தேனோடு அதற்கு ஒட்டாது, கரைப்பான் பறக்கப் பறக்க இழையின் தோலுக்கு வந்து படிகமாக உட்கார்ந்துகொள்கிறது. எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுத்தீர்களா? இழைமேல் பொடிப்பொடியாக ஏதாவது தெரிகிறதா? ஒரு துண்டைப் பஃபரில் ஐந்து நிமிடம் அலசி, அந்தத் தண்ணீரில் மருந்து எவ்வளவு என்று யூ.வி. கருவியில் 276 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். சந்தேகம் தீர்ந்தால் ஊசிக்குள் ஊசி வைத்து இழுக்கும் கோஆக்சியலுக்குப் போங்கள்: மருந்து நடுவில், வெறும் பாலியூரித்தேன் வெளியே. பாலிமரை மாற்றினால் ஆறு மாதம் போச்சு.

மலையடிவாரம்:
அக்கா சொல்வது சரி. கூடவே ஈரப்பதத்தையும் எழுதி வையுங்கள். ஜன்னலில் ஏற்காட்டு மலை மேகத்துக்குள் மறைந்திருந்த நாட்களில் நான் எடுத்த பாய்களில் இழையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது, கரைசல் மட்டும் அதே கரைசல். ஓட்டை இருந்தால் தண்ணீர் சுலபமாக உள்ளே போகும். அப்புறம், இது முட்டியில் ஒட்டும் பாய் என்றால் இழுத்துப் பிடித்த நிலையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். சும்மா மிதக்கவிட்டு எடுத்த கணக்கு மடங்கும் முட்டிக்குப் பொருந்தாது.

அம்மாபேட்டை தறிவீடு:
அலசிப் பார்த்தேன் அக்கா, கொட்டியதில் பெரும்பங்கு அந்த ஐந்து நிமிடத் தண்ணீரிலேயே இருக்கிறது! கோஆக்சியல் ஊசி விலை கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

குகை அக்கா:
வாங்காதீர்கள். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலியும்; 16 கேஜ் ஊசிக்குள் 22 கேஜ் ஊசி நுழையும், பக்கவாட்டில் ஒரு துளை போட்டு வெளிக்கரைசலை விடலாம். உள் ஊசி நட்டநடுவில் நிற்கவேண்டும், அதுதான் கஷ்டம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர் யாரையாவது பிடியுங்கள், அந்தப் பற்றவைப்பு நம்மால் ஆகாது.