நான் பினாங்குக்கு வந்துவிட்டேன், சர்வர் சைபர்ஜெயாவில்தான்

பட்டர்வொர்த் தம்பி:

பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்துகொண்டு சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் போன வருடம் குடும்பத்தோடு பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டோம். வேலை மாறவில்லை. ஒரு விநியோக நிறுவனத்தின் ஏஎஸ்/400ஐ, அதாவது கம்பெனிக் கணக்குவழக்கை ஓட்டும் ஐபிஎம் சர்வரை, இப்போது வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன், அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகவும் முடிகிறது, அந்த நிம்மதி பெரிது.

1988இல் வந்த மிஷின் வரிசை என்று சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். அதில் புரோகிராமுக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு அடுக்கு வைத்திருந்தார்கள், அதனால்தான் 1995இல் 48 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குத் தாவியபோது நிறைய புரோகிராம்களைத் திரும்ப எழுதாமலே கொண்டுபோக முடிந்தது. இன்று அது ஐபிஎம் ஐ என்ற பெயரில் பவர் சர்வரில் ஓடுகிறது. இவ்வளவு தூரம் யோசித்துக் கட்டிய ஒன்றை வெறும் பழசு என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

கிளவுடுக்குப் போகலாம் என்கிறது நிர்வாகம். சரி, போகட்டும். 2024 ஆகஸ்டில் அமேசான், 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் என்று இரண்டு பேரும் மலேசியாவிலேயே ரீஜியன், அதாவது கிளவுடுக்கான டேட்டா சென்டர் தொகுப்பு, திறந்துவிட்டார்கள், தரவு நாட்டை விட்டுப் போய்விடுமே என்ற தயக்கம் முன்போல் இல்லை. என் கவலை மாதக் கடைசி இரவைப் பற்றியது. கம்ப்யூட்டர் வரிசையாக ஓட்டும் வேலைகளில் எந்த ஜாப் முதலில் ஓட வேண்டும், ஒரு கிளையின் கோப்பு வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எந்த எரரைக் கண்டுகொள்ளாமல் விடலாம், இதில் பாதிதான் ஆர்பிஜி என்ற ஐபிஎம் மொழியில் எழுதிய நிரலில் இருக்கிறது, மீதி ஓய்வுபெற்று ஈப்போவில் இருக்கும் ஒரு அம்மாவின் தலையில். திட்டச் செலவில் அவருக்கென்று ஒரு ரிங்கிட்கூட ஒதுக்கவில்லை. இப்படி மாற்றத்தில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் அக்கா:

தம்பி, நாங்கள் இப்போது அதற்குள்தான் இருக்கிறோம். நாங்கள் ஓட்டுவது எஸ்ஏபி ஈசிசி, கணக்கு, ஸ்டோர் எல்லாவற்றையும் பார்க்கும் கம்பெனி மென்பொருள். அதற்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது, கூடுதலாகக் கட்டினால் 2030 வரை இழுக்கலாம். அதனால் எங்கள் தொழிற்சாலைக்கென்று எழுதிச் சேர்த்த நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பலவற்றை வருடக்கணக்கில் யாருமே ஓட்டவில்லை, தைரியமாகத் தூக்கிப்போட்டோம். அப்படி ஒரு ரிப்போர்ட்டை நீக்கப் போகும்போது ஸ்டோரில் இருக்கும் அண்ணன் ஓடிவந்து தடுத்தார். அதை வைத்துத்தான் வரியில்லாமல் வந்த மூலப்பொருள் எவ்வளவு, கழிவாகப் போனது எவ்வளவு என்று கஸ்டம்ஸுக்கு அவர் கணக்குக் காட்டுகிறாராம். நாங்கள் வைத்திருந்த எந்த ஆவணத்திலும் அது இல்லை. அன்றிலிருந்து கூட்டத்துக்கு ஐடி ஆட்களை மட்டும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம், ஸ்டோர், கணக்கு, ஷிப்பிங் எல்லோரும் வருகிறார்கள், அவர்கள் சரி என்று சொல்லாமல் எதையும் அழிப்பதில்லை.

இனிமேல் மிஷின் எந்த ஊரில் இருந்தால் என்ன, வேலை தெரிந்த ஆளைக் கையில் வைத்திருக்கிற கம்பெனிதான் நிமிர்ந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாவுக்குச் சம்பளம் பேசி வேலைக்குக் கூப்பிடச் சொல்லி நிர்வாகத்திடம் அடித்துக் கேளுங்கள். அப்புறம், போனில் கேட்காதீர்கள், இடிஎஸ் ரயில் ஏறி ஈப்போவுக்கு நேரில் போங்கள், ஒரு மாதக் கடைசியின் ஜாப் லாக்கை, அதாவது அன்று ஓடியதன் பதிவை, அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள். வரிவரியாகப் பார்க்கும்போதுதான் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.