திண்ணையில 'இலவச வைஃபை' போர்டு வெச்சேன், கியூஆர் சரியா வேலை செய்யல, உதவி பண்ணுங்க

கானாடுகாத்தான் பேரன்:
வணக்கம். எங்க ஐயா கட்டுன வீட்ல அப்பத்தா தனியா இருக்காகன்னு நானும் வந்து தங்கி இங்கேருந்தே வேலை பாக்குறேன். டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட் எடுக்கக்கூட தெருப் புள்ளைக காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போறதப் பாத்துட்டு, நம்ம திண்ணையில உக்காந்து பாத்துக்கட்டுமேன்னு கெஸ்ட் நெட்வொர்க் ஒண்ணு தனியா போட்டு, வாசல்ல போர்டும் மாட்டியிருக்கேன். ஆத்தங்குடி கல்லு மாதிரி பூ டிசைன், கரும்பச்சையில வெள்ளை கியூஆர், பாக்க அவ்வளவு அழகு. ஆனா பாதி போன்ல கேமரா அதை எடுக்கவே மாட்டேங்குது, எடுத்த போன்லயும் 'பாஸ்வேர்ட் தப்பு'ன்னு வருது, அதே பாஸ்வேர்டை கையால அடிச்சா போகுது! அதுவும் திண்ணையில ஒரு கோடுதான் சிக்னல். புள்ளைக வந்து முழிச்சிட்டு திரும்பிப் போறது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ஃபிளெக்ஸ் அண்ணன், காரைக்குடி:
தம்பி, பூ டிசைன் கியூஆரை ஒட்டியே வருதா? அதுதான் சிக்கல். நாலு பக்கமும் குறைஞ்சது 4 கட்டம் அளவுக்கு வெறும் இடம் விடணும், அந்தக் கட்டம்ங்கிறது கியூஆர்ல இருக்குற சின்னச் சதுரம், அந்த வெறும் இடம் இல்லன்னா கியூஆர் எங்க ஆரம்பிக்குதுன்னே கேமராவுக்குத் தெரியாது. அடுத்தது கலர், வெளுப்புல கறுப்பு இருக்கணும், நீங்க தலைகீழா போட்டிருக்கீங்க, பழைய போன் பலதும் அதைப் படிக்காது. லேமினேஷன் பளபளன்னு இருந்தா மதிய வெயில்ல ஒண்ணும் தெரியாது, மேட் போடச் சொல்லுங்க. பூவ போர்டு ஓரத்துக்குத் தள்ளிட்டா அழகும் போகாது.

நெட்வொர்க் பழனியப்பன்:
பாஸ்வேர்ட்ல அரைப்புள்ளி (;) இருக்கா?

கானாடுகாத்தான் பேரன்:
ஆமாண்ணே! நடுவுல ஒண்ணு இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

நெட்வொர்க் பழனியப்பன்:
கையால அடிச்சா போகுதுன்னு சொன்னீங்கல்ல, அதான். வைஃபை கியூஆருக்குள்ள பேரு, பாஸ்வேர்ட் எல்லாத்தையும் அரைப்புள்ளி வெச்சுத்தான் பிரிப்பாங்க, அதனால போன் உங்க பாஸ்வேர்டை பாதியிலேயே முடிஞ்சதா நினைச்சுக்கும். அந்த அரைப்புள்ளிக்கு முன்னாடி பின்சாய்வுக்கோடு (\) போட்டா சரியாகும், ஆனா எழுத்தும் நம்பரும் மட்டும் உள்ள பாஸ்வேர்டா மாத்திட்டு புது கியூஆர் எடுக்குறதுதான் நிம்மதி. அப்புறம் ரவுட்டர் எங்க இருக்கு?

கானாடுகாத்தான் பேரன்:
இரண்டாம் கட்டுல, இன்வெர்ட்டர் பக்கத்துல.

நெட்வொர்க் பழனியப்பன்:
நம்ம வீட்டுச் சுவரு கனம் தெரியும்ல, உள்ள வளவு முற்றம் தாண்டி, முகப்பு தாண்டி திண்ணைக்கு வர்றதுக்குள்ள சிக்னல் செத்துப் போயிரும். வைஃபை அலைவரிசையில 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம், 2.4 கொஞ்சம் தாங்கும். லேன் கேபிள் ஒண்ணு இழுத்து முகப்பு ஜன்னல் ஓரமா ஆக்சஸ் பாயின்ட், அதான் கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா குடுக்குற பெட்டி, வைங்க, ஓட்டை போட வேணாம், கதவு நிலை மேலயே கேபிளைக் கொண்டாந்துரலாம். போர்டையும் சிக்னல் நல்லா கிடைக்கிற எடத்துல மாட்டுங்க, வாசல்ல போர்டும் உள்ள சிக்னலும் இருந்தா நம்பி வர்றவங்களுக்கு ஏமாற்றம்தான்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, வைஃபைக்குப் போடுற அந்த விசிறி மாதிரி படம் மட்டும் போடாதீக, எங்க வயசுக்காரவுகளுக்கு அது என்னன்னே தெரியாது. 'இங்கே இலவச வைஃபை'ன்னு தமிழ்ல பெருசா எழுதி, நெட்வொர்க் பேரும் பாஸ்வேர்டும் கீழ போடுங்க. 2002ல லண்டன்ல சாக்பீஸால வைஃபை குறி போடுற பழக்கம் வந்துச்சாம், ரெண்டு அரைவட்டம் முதுகோட முதுகு ஒட்டியிருந்தா திறந்தது, முழு வட்டம்னா பூட்டுனது. குறி தெரிஞ்சவுகளுக்குத்தானே அது புரியும்?

நெட்வொர்க் பழனியப்பன்:
ஆச்சி சொல்றது சரி. இன்னொண்ணு, யார் வேணா வந்து பயன்படுத்துறதுனால பிஎம்-வாணி பாருங்க. 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த பொது வைஃபை திட்டம் அது, பிடிஓன்னு சொல்ற, வைஃபை குடுக்குற சின்ன கடைக்காரங்களுக்கு லைசென்சும் பதிவும் வேணாம், அனுமதி குடுக்குறது, கணக்கு வெக்கிறது எல்லாம் பிடிஓஏன்னு மேல இருக்குற கம்பெனி பாத்துக்கும்.

கானாடுகாத்தான் பேரன்:
அண்ணே, ஆச்சி, ரொம்ப நன்றி. பாஸ்வேர்ட் மாத்தி, வெள்ளைத் தாள்ல கறுப்பு கியூஆர் எடுத்து பழைய போர்டு மேல ஒட்டிட்டேன், கேபிள் இழுத்தாச்சு, திண்ணையில நாலு கோடு. நேத்து எதிர் வீட்டுப் பொண்ணு தூண்ல சாஞ்சு உக்காந்து ஹால் டிக்கெட் எடுத்துச்சு, அப்பத்தா அதுக்கு மோர் கொண்டாந்து குடுத்தாக. பிடிஓ விஷயத்துக்கு திங்கக்கிழமை போன் பண்றேன், புது போர்டுக்கு ஃபிளெக்ஸ் அண்ணே, உங்க கடைக்கே வர்றேன், மேட்லயே போட்டுருங்க.