பரிணாமம் நடத்தும்போது "அப்போ கடவுள் இல்லையா சார்?" என்று கேட்டால்?

கேள்வி: தூக்கணாங்குருவி

பிளஸ் டூ அறிவியல் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒன்றரை மணி நேரம் பரிணாமம் பற்றிப் பேச வேண்டும். பாதிப் பேர் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மற்றவர்களில் சைவர், வைணவர், முஸ்லிம் எல்லாரும் உண்டு. பாடத்தைச் சொல்வதில் சிக்கல் இல்லை. தலைப்பில் இருக்கும் கேள்வி வந்தால்தான் சிக்கல். "அது வேற, இது வேற" என்று மழுப்பவும் மனமில்லை, யார் நம்பிக்கையையும் கிண்டல் பண்ணவும் விருப்பமில்லை. இரண்டும் ஒரே மண்டைக்குள் நேர்மையாக இருக்க முடியுமா? எந்தச் சான்றைக் காட்டலாம், எங்கே சறுக்கும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பயறுச்செடி

முதலில் கேள்வியை உடையுங்கள். பரிணாமம் என்று ஒரே மூச்சில் சொல்லும்போது அதற்குள் நான்கு கூற்றுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. எல்லா உயிரினங்களும் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்தவை. அந்தக் கிளைப்பில் இயற்கைத் தேர்வுக்கு (சூழலுக்கு ஏற்றவை அதிகம் பிழைத்துப் பெருகுவதற்கு) பெரும் பங்கு உண்டு. இதன் பின்னால் யாருடைய நோக்கமும் இல்லை. முதல் மூன்றையும் பாறையிலும் ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். நான்காவதைச் சோதிக்க ஒரு கருவியும் கிடையாது, அது மெய்யியல். நான்கையும் பலகையில் எழுதி மூன்றாவதற்குக் கீழே கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. கோட்டுக்குக் கீழே அறிவியல் ஆசிரியர் என்ற தகுதியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பருவமழைக்குக் காற்றழுத்தத் தாழ்வு நிலை காரணம் என்று தெரிந்துகொண்டே மழைக்காக வேண்டுகிறவர்கள்தான் நாம். காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு, அந்தக் காரணத்துக்கும் பின்னால் யாரேனும் உண்டா என்பது வேறு.

சான்று இரண்டு போதும். பத்து காட்டினால் ஒன்றும் நிற்காது. என் தேர்வு இரண்டாம் குரோமோசோமும் வைட்டமின் சி மரபணுவும்.

நமக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. மூதாதை பொது என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? 30 செ.மீ. காகித நாடா இரண்டு எடுங்கள். குரோமோசோமின் நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும், அதுதான் டெலோமியர். முதல் நாடாவின் வலது நுனியில் அதை ஐந்து முறை எழுதுங்கள். இரண்டாவது நாடாவைத் தலைகீழாகத் திருப்பி அதன் நுனியை இதன் நுனியோடு ஒட்டினால், இடமிருந்து வலமாகப் படிக்கும்போது அதே தொடர் சிசிசிடிஏஏ என்று மாறி வரும். (எதிர் இழையில் டி-க்கு ஏ, ஜி-க்கு சி ஜோடி. அதைப் பின்னாலிருந்து படிக்கிறோம். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், ஐந்து நிமிடம் கொடுங்கள்.) நுனியில் மட்டும் இருக்க வேண்டியது நடுவில், அதுவும் முகத்தோடு முகம் பார்த்து நின்றால் அது ஒட்டுப்போட்ட தழும்பு. நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில் அந்தத் தழும்பு இருப்பதை 1991-இல் கண்டார்கள். போதாக்குறைக்கு, ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) இங்கே வேலை செய்வது ஒன்று, செயலிழந்த எச்சம் இன்னொன்று என இரண்டு இடங்களில் தெரிகிறது.

இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "இணைந்திருப்பதால் குரங்கோடு உறவு உறுதி" என்று சொல்லிவிடாதீர்கள். இணைப்பு மனிதக் கிளைக்குள் நடந்தது. அது இணைப்பை மட்டும்தான் காட்டும். உறவைக் காட்டுவது, தழும்பின் இரு பக்கமும் உள்ள மரபணு வரிசை சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களோடு ஒத்துப்போவதுதான். அதனால்தான் சிம்பன்சியில் அவற்றுக்கு 2ஏ, 2பி என்று பெயர் வைத்தார்கள். "எண்ணிக்கை மாறினால் குழந்தை பிறக்குமா?" என்றும் ஒருவராவது கேட்பார். இரண்டு குரோமோசோம் ஒட்டிக்கொண்டு மொத்தம் 45 மட்டும் உள்ளவர்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் இன்றும் நலமாக நடமாடுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

வைட்டமின் சி கதை சின்னது. அதைத் தயாரிக்கும் கடைசிப் படியின் மரபணு நமக்கு உடைந்து கிடக்கிறது. குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அப்படியே. குரங்கின் தூரத்து உறவான லெமூர்களுக்கு உடையவில்லை. கினிப்பன்றிக்கும் உடைந்திருக்கிறது, ஆனால் உடைந்த விதம் வேறு. தனியாகச் செய்த தவறும் பார்த்து எழுதிய தவறும் எப்படி வித்தியாசப்படும் என்று விடைத்தாள் எழுதும் வயதுப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

ஒலிவமரம்

கிறிஸ்தவப் பிள்ளைகளை ஒரே கட்டாகப் பார்க்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை எழுத்திலேயே இருக்கிறது. 1950-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) ஒரு சுற்றுமடலில், மனித உடல் ஏற்கெனவே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்திருக்கலாமா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். 1996 அக்டோபரில் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் இனி வெறும் கருதுகோள் அல்ல என்றார். எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஆறு நாளில் படைப்பு, பூமிக்கு ஆறாயிரம் வயது என்று பிடிப்பவர்கள் பெரும்பாலும் வேறு சபைகளில். அவர்களும் இதைப் பழைய மரபு என்றே நினைப்பார்கள். ஆனால் டார்வின் புத்தகம் வந்த 1859-க்கு முன்பே நிலவியலாளர்களில் பலர், பக்தர்கள் உட்பட, பூமி மிகப் பழையது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். படைப்புக் கதை வரும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை வைத்து இயற்கை பற்றி அவசரமாகப் பேசி வேதத்தையே கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று புனித அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எச்சரித்திருக்கிறார்.

உண்மையான முட்டல் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் இல்லை. பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது: ஒரே மனிதனால் பாவம் உலகத்தில் வந்தது. 1950 மடலும் இந்த இடத்தில்தான் தயங்குகிறது. ஒரே ஜோடியிலிருந்து மட்டும் மனித குலம் வந்திருக்க முடியாது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உறுப்பு மாற்றத்தில் பார்க்கிறார்களே எச்எல்ஏ பொருத்தம், அந்த மரபணுக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளிடம் அதிகபட்சம் இரண்டு வகை. இருவரிடம் நான்கு. இன்று மனிதரிடம் எச்எல்ஏ-பி ஒன்றிலேயே ஆயிரக்கணக்கான வகைகள். அவற்றின் கிளைகளில் சில, நாமும் சிம்பன்சியும் பிரிவதற்கு முன்பே தோன்றியவை. ஆகவே பரிணாமத்தை ஏற்கும் இறையியலாளர்கள் ஆதாமை ஒரு குலத்தின் பிரதிநிதி என்றோ மனித நிலையின் உருவகம் என்றோ வாசிக்கிறார்கள். இது பலருக்கு எளிதாக விழுங்கக்கூடிய வாசிப்பு அல்ல. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

"மைட்டோகாண்ட்ரியா ஏவாள்" (இன்றுள்ள எல்லாருக்கும் தாய்வழியில் பொது மூதாதையான பெண்) பேச்சு வந்தால் உடனே நிறுத்துங்கள். அவள் அக்காலத்தின் ஒரே பெண் அல்ல. மற்றப் பெண்களின் தாய்வழி மட்டும் இடையில் அறுந்தது, அவ்வளவே. அதேபோலத் தந்தைவழியில் பொது மூதாதையான "ஒய் குரோமோசோம் ஆதாம்" அவள் கணவனும் அல்ல.

பேரீச்சை

முஸ்லிம் பிள்ளைகளுக்காக ஒரு வரி. குர்ஆன் பூமிக்கு வயது போடவில்லை, அதனால் ஆறாயிரம் ஆண்டுப் பஞ்சாயத்து இங்கே எழாது. சிக்கல் ஆதம் நபியின் படைப்பில் மட்டும். மற்ற உயிர்கள் பரிணாமத்தில் வந்தன என்பதை ஏற்று, ஆதமை மட்டும் தனி அற்புதமாக வைக்கும் அறிஞர்கள் உண்டு. மனிதரையும் சேர்த்து ஏற்பவர்களும், முழுவதும் மறுப்பவர்களும் உண்டு. "இஸ்லாம் இதைத்தான் சொல்கிறது" என்று நீங்கள் முடிவு கட்டாதீர்கள்.

கடல்நண்டு

நான் மறுபக்கம். பயறுச்செடியின் கோடு அழகாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சௌகரியமாகவும் இருக்கிறது. மக்கள்தொகை மரபியலை நிறுவியவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் ஆங்கிலிக்கன். பரிணாமத்தின் வெளிச்சத்தில் அல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று 1973-இல் எழுதிய தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர். இந்தப் பட்டியலை வாசித்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். ஒருவர் மனத்தில் இரண்டும் குடியிருப்பதால் அவை ஒன்றோடொன்று பொருந்தும் என்றாகாது.

பொருந்தாத இடம் படைப்பு அல்ல, வேதனை. 1860 மே மாதம் டார்வின், தன் நண்பரும் பக்தருமான தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதினார்: உயிருள்ள புழுவின் உடலுக்குள் இருந்து தின்னட்டும் என்றே இக்நியூமன் குளவியை அன்பும் வல்லமையும் உள்ள ஒரு கடவுள் திட்டமிட்டுப் படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. அந்தக் குளவியைத் தேடி இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. தென்னைக் கருந்தலைப் புழுவுக்குத் தோப்பில் விடும் பெத்திலிட் ஒட்டுண்ணி அதே ஜாதி வேலையைச் செய்வதுதான். தாய்க்குளவி புழுவைக் கொட்டி அசையாமல் பண்ணும், உடம்பின் மேலேயே முட்டையிடும், பொரித்த குஞ்சுகள் மேலே ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி வளரும். விவசாயிக்கு வரம், புழுவுக்கு? இயற்கைத் தேர்வு என்பது பெருவாரியான சாவுகளால் நடப்பது. அன்பே உருவான கடவுள் ஏன் இந்த வழியை எடுத்தார் என்பதற்கு ஒரு நம்பிக்கையாளர் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

நேர்மைக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: அதே டார்வின் 1879-இல் ஒரு கடிதத்தில், தீவிரக் கடவுள் நம்பிக்கையுள்ளவர் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று எழுதி, ஏசா கிரேயையே உதாரணம் காட்டினார். தன்னை நாத்திகர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வில்வம்

"புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று மணிவாசகர் அன்றே பரிணாமம் பாடிவிட்டார் என்று ஒருவர் நிச்சயம் எழுவார். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். சிவபுராணத்தின் அந்த அடிகளில் பறவைக்கும் பாம்புக்கும் பின்னால் கல் வருகிறது, மனிதருக்குப் பின் பேய், கணங்கள், வல்லசுரர், முனிவர், தேவர். அது ஒரே உயிர் பல பிறவி எடுத்து இளைத்த கதை. பரிணாமத்தில் எந்தத் தனி உயிரும் வேறொன்றாக மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் மாறுகிறது. இரண்டையும் ஒட்டினால் திருவாசகமும் கெடும், உயிரியலும் கெடும். தசாவதாரமும் அப்படியே. மீன், ஆமை, பன்றி என்று ஏறுவரிசை போலத் தெரியும். ஆனால் ஆமையிலிருந்து பன்றி பிறந்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை, எல்லாம் ஒரே திருமால்.

ஆனால் சைவ சித்தாந்தத்துக்குப் பரிணாமத்தால் நேரடி இடி கிடையாது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. உயிர் படைக்கப்பட்டதே அல்ல. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் மாயையிலிருந்து வருபவை. ஆகவே உடம்பு எந்த வழியில் உருவாகி வந்தது என்ற ஆராய்ச்சி மாயையின் கணக்கில் சேரும். ஒரு தேதியோ முதல் ஜோடியோ காப்பாற்ற வேண்டியதில்லை. நெருடல் வினைக்கொள்கையில் வரும்: மனிதரே தோன்றாத கோடிக்கணக்கான ஆண்டுகளில் புழுவும் மீனும் எந்த வினையை அனுபவித்தன? வினையும் அநாதி என்று சொல்லி நகரலாம். சித்தாந்தத்துக்குள் அது ஒழுங்கான பதில்தான், வெளியிலிருந்து கேட்பவருக்குப் போதாது.

தூக்கணாங்குருவி

எல்லாருக்கும் நன்றி. கடல்நண்டு சொன்னதை வகுப்பில் அப்படியே வாசிக்கப் போகிறேன். ஒன்று பாக்கி: "பாக்டீரியா நீந்த உதவும், வால் போலச் சுழலும் கசையிழை தானாக வந்திருக்க முடியாது, யாரோ வடிவமைத்தார்கள்" என்ற யூடியூப் வாதத்துக்கு?

பயறுச்செடி

அது நீதிமன்றமே ஏறி இறங்கிய வாதம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டோவர் ஊரில் பள்ளி வாரியம் 2004-இல் 'அறிவார்ந்த வடிவமைப்பு' பற்றி உயிரியல் வகுப்பில் ஓர் அறிக்கை வாசிக்க உத்தரவிட்டது. பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்பின் முதல் சாட்சி, பிரவுன் பல்கலைக்கழகத்தின் கென்னத் மில்லர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். இரண்டாம் குரோமோசோமை அவர்தான் அங்கே விளக்கினார். கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களில் பல, சில பாக்டீரியாக்களில் நஞ்சைச் செலுத்தும் ஊசியாகத் தனியே வேலை செய்கின்றன என்றும் காட்டினார். ஒரு பாகம் குறைந்தால் எதற்கும் பயனில்லை என்ற வாதம் அங்கே உடைந்தது. வாரியம் சிபாரிசு செய்த புத்தகத்தின் பழைய வரைவுகளையும் தோண்டினார்கள். பள்ளியில் படைப்புவாதம் கூடாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கையோடு, 'படைப்புவாதிகள்' என்ற சொல் 'வடிவமைப்பை ஆதரிப்போர்' என்று மாறியிருக்கிறது. ஒரு வரைவில் பழைய சொல்லைச் சரியாக அழிக்காமல் நடுவில் புதியதைச் செருகியதில் இரண்டும் கலந்த ஒரு குறைப்பிறவிச் சொல் அப்படியே கிடந்தது. பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது 2005 டிசம்பர் 20. குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கம் எழுதினார். பரிணாமம் கடவுள் நம்பிக்கைக்கு எதிரானது என்ற அனுமானமே முற்றிலும் தவறு என்பது அதில் ஒரு வரி.

நம்பிக்கையுள்ள பிள்ளைகளிடம் இதை மட்டும் கூடுதலாகச் சொல்லலாம்: விளக்கம் கிடைக்காத ஓட்டையில் கடவுளைக் கொண்டுபோய் உட்காரவைத்தால், ஓட்டை அடைபடும்போது அவர்தான் எழுந்து போக வேண்டியிருக்கும்.

நேரம்: நான்கு கூற்றுக்கு 15 நிமிடம், நாடாவுக்கு 25, வைட்டமின் சி 10, மிச்சம் 40-ம் கேள்விகளுக்கு. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் பெயரில்லாமல் வாங்குங்கள். கை தூக்கச் சொன்னால் சர்ச் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். சமச்சீர் பத்தாம் வகுப்பில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப்பாடம் உண்டு, அவர்களுக்கு அடிப்படை இருக்கும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இருந்தால் இயற்கைத் தேர்வுக்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கி, அதைக் கேள்வி நேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.