ஹார்ட் ராக் ஆல்பத்தின் முதல் பாட்டு: எதை வைத்து முடிவு செய்வது?

அஸ்தம்பட்டி கிட்டார்
சேலத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து தமிழில் ஹார்ட் ராக் செய்து வருகிறோம். எட்டுப் பாடல்களுக்கு ஒலிப்பதிவு முடிந்துவிட்டது, வரிசைதான் முடிவாகவில்லை. இருப்பதிலேயே வேகமான பாட்டு முதலில் வர வேண்டும் என்கிறார் டிரம்ஸ் வாசிப்பவர். மேக்னசைட் சுரங்கத்தைப் பற்றிய, மெதுவாகத் தொடங்கி ஒன்றரை நிமிடம் கழித்தே குரல் நுழையும் பாட்டுத்தான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. நல்ல தொடக்கப் பாட்டுக்கு உங்கள் அளவுகோல் என்ன?

ஏற்காட்டுக் காப்பி
வேகம் கட்டாயமில்லை என்பதற்கு ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' ஒன்றே போதும். 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த அந்த ஆல்பம் 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாட்டின் மணியோசையோடு தொடங்குகிறது. முதலில் மணி மட்டும், அதன் மேல் கிட்டார், பிறகு டிரம்ஸ், புதிய பாடகர் பிரையன் ஜான்சனின் குரல் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்துதான் வருகிறது. யார் பாடப்போகிறார் என்று உலகமே காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படிக் காக்க வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பில் ஒவ்வொரு சில வினாடிக்கும் புதிதாக ஏதோ ஒன்று வந்து சேர்ந்துகொண்டே இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் ஒன்றரை நிமிடத்தில் அப்படி என்ன சேர்கிறது?

தவில் காதலன்
நான் டிரம்ஸ்காரர் பக்கம். சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரி செய்யும் வேலையைத்தான் முதல் பாட்டு செய்ய வேண்டும்: சொல்லே தேவையில்லை, வருவது யார் என்று தெருக்கோடி வரைக்கும் தெரிந்துவிட வேண்டும். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் (1969) 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டோடு தொடங்குகிறது. மூன்று நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டுக்குள், டிரம்ஸின் ஒற்றை மிதியை வைத்துக்கொண்டு டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹம் காலால் உருட்டும் மும்மை அடிகளும், இடையில் பேஸ் கிட்டார் தனித்துத் தலைகாட்டும் இடமும், ஜிம்மி பேஜின் கிட்டாரும், பிளான்ட்டின் குரலும் அடங்கிவிடுகின்றன. நால்வரின் கையும் தெரியாத பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மூன்றாம் இடமோ நான்காம் இடமோதான் பொருந்தும்.

பழைய தட்டு
இதில் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 12 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத கணக்கில் சுழல்வதால், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது; உள்ளே போகப் போக அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சிம்பல் போன்ற கூர்மையான ஒலிகள் விளிம்பில்தான் தெளிவாக நிற்கும் என்பதால், சத்தமான பாட்டை அங்கே, அதாவது முதல் பாட்டாக, வைப்பதில் ஒரு நியாயம் இருந்தது. இணையத்தில் வெளியிடுபவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அஸ்தம்பட்டி கிட்டார்
காப்பிக்காரரின் கேள்வி உறைத்தது. மீண்டும் கேட்டுப் பார்த்தேன்: முதல் நாற்பது வினாடி பேஸ் ஒரே சுரத்தில் நிற்கிறது, வேறெதுவும் நடப்பதில்லை. அதில் பாதியை வெட்டிவிட்டு, சிம்பலை முன்னால் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.

ஏற்காட்டுக் காப்பி
வெட்டுங்கள். கூடவே, முதல் பாட்டைத் தனியாக எடை போடாமல் இரண்டாவதோடு சேர்த்துக் கேளுங்கள். வான் ஹேலனின் முதல் ஆல்பம் (1978) நிதானமான நடையில் போகும் 'ரன்னிங் வித் த டெவில்' பாட்டோடுதான் தொடங்குகிறது. கிட்டார்காரர் எடி வான் ஹேலனின் கை என்னவெல்லாம் செய்யும் என்பதை அடுத்து வரும் 'இரப்ஷன்' என்ற, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான தனி வாசிப்புக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். சுரங்கப் பாட்டு முடிந்த கையோடு, இடைவெளியே விடாமல், டிரம்ஸ்காரரின் வேகப் பாட்டைத் தொடங்கிப் பாருங்கள். அவரும் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.