மறு: மறு: விஸ்பர் மோட் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

ம.செ., திருச்சி:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் வரும் சனிக்கிழமை 1983-இல் வந்த 'ப்ளூ தண்டர்' படத்தைத் தமிழ் வசனவரிகளோடு திரையிடுகிறோம். மாணவர்கள் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், அமெரிக்க உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடாது. வசனவரி முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக: 1984 ஒலிம்பிக் பாதுகாப்பைக் காரணம் காட்டி லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையிடம் ஒரு ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து சோதிக்கிறார்கள். மூக்குக்குக் கீழே ஆறு குழல் பீரங்கி, விமானி தலையைத் திருப்பும் பக்கம் அதுவும் திரும்பும். சுவருக்கு அப்பால் பார்க்கும் கேமரா, தூரத்துப் பேச்சைப் பிடிக்கும் ஒலிவாங்கி. அதோடு ஒரு விசை. அதைப் போட்டால் இரைச்சல் அடங்கிவிடும், அதற்குத்தான் 'விஸ்பர் மோட்' என்று பெயர். சும்மா வந்து போகிற சொல் இல்லை. விமானியாக வரும் ராய் ஷைடரும் அவரோடு பறக்கும் டேனியல் ஸ்டெர்னும் ஒரு கட்டடத்தின் ஜன்னலுக்கு வெளியே வானில் நின்றபடி உள்ளே நடக்கும் சதிப் பேச்சைப் பதிவு செய்கிறார்கள், அப்புறம் கதையே அந்த ஒலிநாடா யார் கைக்குப் போகிறது என்பதுதான். 'கிசுகிசு நிலை' என்று போட்டிருந்தேன். சினிமாக் கிசுகிசு மாதிரி இருக்கிறது என்று சக ஆசிரியர் அடித்துவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

இ.வ., மதுரை:

அவர் அடித்தது சரி. கிசுகிசு இரட்டைக்கிளவி. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பது தொல்காப்பியம். பிரிக்க முடியாத சொல்லை வைத்துக்கொண்டு கலைச்சொல் ஆக்குவது சரிப்படாது. கலைச்சொல்லுக்கு வேர் வேண்டும்.

வேர் நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகை ஆறாம் பாட்டு: 'நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து இனிதடங் கினரே மாக்கள்'. ஊர்ப் பேச்சு ஓய்ந்த நள்ளிரவு. பேச்சு ஓய்வதற்குப் புலவர் போட்ட சொல் 'அவிதல்'. விளக்கு அவியும், சினம் அவியும், ஒலியும் அவியும். ஆகவே 'ஒலியவி முறை'. நான்கே எழுத்தில் வேர்ச்சொல், சங்கச் சான்று, புணர்ச்சியும் இயல்பு.

ரா.பா., சென்னை:

ஐயா, நான் பல காலமாக வசனவரி எழுதுகிறேன். ஒரு வரி திரையில் நிற்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் படிப்பவர் கண் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஓடியாக வேண்டும். 'ஒலியவி' என்று வந்தால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது இட்லிப் பானை. அவித்தல், அவியல் என்றுதான் அந்தச் சொல் இன்றைக்கு வீட்டில் புழங்குகிறது. குறுந்தொகை தெரியாதது அவர்கள் குற்றமா இல்லையா என்பதைச் சனிக்கிழமைக்கு அப்புறம் பேசுவோம்.

ஸ்ரீ.கோ., பெங்களூரு:

நான் வானூர்திப் பொறியாளன், சொல்லாய்வு தெரியாது. ஆனால் 'ஓசையிலா', 'நிசப்த' என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். ஓசையே இல்லாத ஹெலிகாப்டர் கிடையாது. சுழலும் ஒவ்வோர் இறக்கையும் தன் நுனியில் ஒரு காற்றுச் சுழியை விட்டுச் செல்கிறது, பின்னால் வரும் இறக்கை அந்தச் சுழியில் மோதும்போதுதான் அந்தப் 'படபட' எழுகிறது. வால் சுழலியின் கீச்சொலி தனி, இன்ஜின் இரைச்சல் தனி. இவற்றைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

குறைத்தும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவுத்துறைக்காக ஹியூஸ் 500 ரக ஹெலிகாப்டரை மாற்றி '500பி' என்று ஒன்றைச் செய்தார்கள். மேலே நான்கு இறக்கைக்குப் பதில் ஐந்து, வாலில் இரண்டுக்குப் பதில் நான்கு, புகைபோக்கியில் ஒலி அடக்கி. இறக்கை கூடினால் மெதுவாகச் சுற்றினாலே தூக்குவிசை கிடைத்துவிடும், மெதுவாகச் சுற்றினால் சத்தம் குறையும். 1972-இல் வட வியட்நாமில் வின் நகருக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்புக் கருவி பொருத்த அதில்தான் இரவோடு இரவாகப் போனார்கள். படத்தில் பறப்பது கசெல் என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டர், முகப்பை மாற்றிக் கோணல்மாணலாகத் தகடு அடித்திருக்கிறார்கள். அதன் வால் சுழலி கூட்டுக்குள் இருப்பதால் இயல்பிலேயே கொஞ்சம் அடக்கம்.

ஆக, சொல்லில் 'குறைதல்' இருக்க வேண்டும், 'இன்மை' கூடாது. என் பரிந்துரை 'அடங்கொலி'. வினைத்தொகை என்று பள்ளியில் படித்த நினைவு. அடங்கிய, அடங்குகின்ற, அடங்கும் ஒலி, மூன்று காலத்துக்கும் பொருந்தும். விசையைப் போட்டும் எடுத்தும் விடுகிற கருவிக்கு இது தோதுப்படுமே?

த.கு., டொரொண்டோ:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எங்களுக்கு ஹெலி என்பது முதலில் சத்தம், பிறகுதான் உருவம். எந்தப் பக்கத்தால் வருகுது, தாழப் பறக்குதா, சுத்துதா என்று காதாலேயே கணித்துத்தான் கனபேர் பங்கருக்குள் ஓடியது. சத்தமே இல்லாமல் ஒன்று தலைக்கு மேல் வந்து நின்றால் என்ன ஆகும் என்று இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நடுக்கம் வந்தது. கீழே நிற்பவனுடைய காதிலிருந்து சொல் பிறக்க வேண்டும் என்பது என் கருத்து. 'அரவம் காட்டாமல் வந்தான்' என்று ஊரில் சொல்வோம். 'அரவடக்கம்' என்று வையுங்கள். இருட்டில் வருகிற பாம்பும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

அப்புறம் ம.செ. அவர்கள் மடல் முழுக்க 'ஹெலிகாப்டர்' என்றே எழுதுகிறார். 'உலங்குவானூர்தி' என்ற சொல் எங்கள் பத்திரிகைகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது, அதையும் கவனிக்கவும்.

இ.வ., மதுரை:

த.கு. ஐயாவின் மடலை மதிப்போடு படித்தேன். ஆனால் ஓசைப்பொருளில் வரும் அரவத்தை வடமொழி 'ரவ'த்தோடு சேர்ப்போர் உண்டு. அரற்று என்ற வினையோடு சேர்த்துத் தமிழ் என்போரும் உண்டு. நான் இரண்டாம் அணி. 'அர்' என்ற வேர் உராய்வைக் குறிக்கும். உராய்வதால் எழுவது ஒலி, உராய்ந்து ஊர்வது பாம்பு. அரம், அராவுதல் எல்லாம் இந்தக் குடும்பமே. ஐயம் இருக்கிற சொல்லில் புதுச்சொல் கட்டுவதில்தான் எனக்குத் தயக்கம். உலங்கு என்றால் அகராதியில் கொசு. நின்ற இடத்தில் நின்று ரீங்கரிப்பது என்ற வகையில் மிக அழகான ஆக்கம். நான் அதை ஆதரிக்கிறேன்.

ச.ந., சென்னை:

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று. 'சுவருக்கு அப்பால் பார்க்கும் கேமரா' என்று வசனவரியில் போடாதீர்கள், மாணவர்கள் நம்பிவிடுவார்கள். இந்தக் கருவிகள் எல்லாம் உண்மையானவை என்று படத் தொடக்கத்தில் அறிவிப்பு வேறு வருகிறது. வெப்பப் படக்கருவி சுவரின் மேற்பரப்புச் சூட்டைத்தான் காட்டும், உள்ளே இருப்பவரைக் காட்டாது. அந்தச் சூட்டைப் பார்ப்பதே பெரிய வழக்கானது. வீட்டை அப்படிப் பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் கைலோ வழக்கில் சொன்னது. அதே நீதிமன்றம் 1989-இல், ரைலி வழக்கில், 400 அடி உயரத்தில் ஹெலிகாப்டரில் நின்று காவலர் வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு ஆணை தேவையில்லை என்றது. கண்ணுக்கு ஒரு நீதி, கருவிக்கு ஒரு நீதி. படம் முடிந்ததும் மாணவர்களோடு பேச இதைவிட நல்ல விஷயம் இருக்காது.

ம.செ., திருச்சி:

கட்டாயம் பேசுகிறோம், சார். நன்றி. ஆனால் இன்று வியாழன்.

ரா.பா., சென்னை:

அப்படியானால் நான் சொல்வதைக் கேளுங்கள். விசையின் மேல் இருக்கும் பெயருக்கு 'அடங்கொலி' போதும். விமானிகள் வாயால் சொல்லும் இடத்தில் 'அடக்கி வாசி' என்று போடுங்கள். நாகஸ்வரக்காரர் வீட்டுப் பேச்சு, இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. படிக்க அரை விநாடி. 'முறை', 'நிலை', 'பாங்கு' எதுவும் பின்னால் வேண்டாம். கைப்பேசியில் 'விமானப் பயன்முறை' என்று நீட்டி வைத்திருப்பதை யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

ஸ்ரீ.கோ., பெங்களூரு:

'அடக்கி வாசி' அருமை. இ.வ. ஐயா காட்டிய அதே குறுந்தொகை அடியில் 'அடங்கினரே'வும் இருக்கிறதே, சங்கச் சான்றும் ஆயிற்று.

ம.செ., திருச்சி:

அனைவருக்கும் நன்றி. விசைக்கு 'அடங்கொலி', பேச்சில் 'அடக்கி வாசி'. எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருப்பதாலும் நேரம் இல்லாததாலும் இப்படியே கோப்பை மூடுகிறேன். ஹெலிகாப்டர் மட்டும் இந்தமுறை ஹெலிகாப்டராகவே இருக்கட்டும், த.கு. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

த.கு., டொரொண்டோ:

பொறுத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை. உலங்குவானூர்தியைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

இ.வ., மதுரை:

திரையிடல் சிறக்க வாழ்த்துகள். என் மாற்றுக்கருத்தைப் பதிவில் வைக்கக் கோருகிறேன். ஸ்ரீ.கோ. தம்பி காட்டிய அடியில் அடங்கியவர்கள் மாக்கள், அவிந்தது சொல். ஆள் அடங்குவான், ஒலி அவியும். புறநானூற்றில் பிசிராந்தையார் 'ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் என்றால் இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது 'அடங்கொலி'க்குப் பக்கத்தில் 'ஒலியவி'யையும் சேர்க்கவும்.