ஹட்டனில் இருக்கும் நாம் எந்தத் தமிழர்? கணக்கெடுப்பில் என்ன சொன்னீர்கள்?

டிக்கோயாக்காரி:
சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். அப்பாதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். இனம் என்ற இடத்தில் வீட்டில் இருக்கும் ஐந்து பேருக்கும் 'இலங்கைத் தமிழர்' என்று கொடுத்துவிட்டார். தாத்தாவும் பாட்டியும் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்து முடிந்தவர்கள். அப்பா ஹட்டன் டவுனுக்கு வந்து தையல் கடை போட்டு எங்களைப் படிக்கவைத்தார்.

2024 கணக்கெடுப்பின் முடிவைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகளான நமக்கென்று இருக்கும் 'இந்தியத் தமிழர் / மலையகத் தமிழர்' என்ற வரிசையில் நாடு முழுக்க சுமார் 6 லட்சம் பேர், 2.8 வீதம். 2012இல் அதே வரிசையில் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர் இருந்தார்கள். இவ்வளவு பேரும் எங்கே போனார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பேர் எப்படிக் குறைந்தோம் என்று எனக்குத் தெரியும். அப்பா செய்தது சரியா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

பொகவந்தலாவை மைந்தன்:
அப்பா செய்தது சரி, தங்கச்சி. நானும் அப்படித்தான் சொன்னேன், பிள்ளைகளுக்கும் அதையேதான் சொன்னேன்.

'இந்தியத் தமிழர்' என்ற பெட்டி நாம் கேட்டு வாங்கியது இல்லை. 1911 கணக்கெடுப்பில் வெள்ளைக்காரன் நம்மைத் தனியாகப் பிரித்து எழுதினான். அந்தப் பிரிப்பை வைத்துத்தான் 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு பேர் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை. அப்புறம் 1964 ஒப்பந்தம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று நம்மைக் கேட்காமலே பங்கு போட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் அந்த ரயில்களில் ஏறியவர்கள் அழுத அழுகையை எங்கள் அம்மா கடைசிவரை சொல்வார். ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து இறந்தும் இன்னும் 'இந்திய' என்ற ஒட்டு எதற்கு?

மஸ்கெலியா வாத்தியார்:
'இந்திய' என்ற ஒட்டு வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. அதை எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

'இலங்கைத் தமிழர்' வரிசையைப் பாருங்கள். 2012இல் 22 லட்சத்து 69 ஆயிரம், 2024இல் சுமார் 26 லட்சத்து 80 ஆயிரம். நாட்டின் சனத்தொகை 7 வீதம் கூடிய காலத்தில் அந்த வரிசை மட்டும் 18 வீதம் கூடியிருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் பிறந்து மட்டும் வந்த கணக்கு என்று என்னால் நம்ப முடியவில்லை. இது முதல் தடவையும் இல்லை. 1971இலிருந்து 1981க்குள் நாடு 17 வீதம் வளர்ந்தது. இலங்கைத் தமிழர் 14 லட்சத்து 24 ஆயிரத்திலிருந்து 18 லட்சத்து 87 ஆயிரமாக, 32 வீதம் கூடினார்கள். அதே பத்து வருடத்தில் நாம் 11 லட்சத்து 75 ஆயிரத்திலிருந்து 8 லட்சத்து 19 ஆயிரத்துக்கு இறங்கினோம். கப்பலேறிப் போனவர்கள் பெரும்பகுதி. மீதிப் பேர் கப்பலேறவில்லை, பெட்டி மாறினார்கள்.

அம்பகமுவ பிரதேச சபையை நினைத்துப் பாருங்கள். 2 லட்சம் பேருக்கு மேல் இருந்த இடத்துக்கு ஒரே ஒரு சபை. எவ்வளவு காலம் கேட்டு அதை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றாகப் பிரித்து வாங்கினோம்! அன்று நம் கையில் இருந்தது எண்ணிக்கை மட்டும்தான். அடுத்த தடவை வீடு கட்ட 7 பேர்ச் காணிக்கோ, தமிழில் வேலை செய்யும் ஒரு கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) கிளைக்கோ போய் நிற்கும்போது, 'உங்கள் ஆட்கள் இப்போது 6 லட்சம்தானே' என்பார்கள்.

பொகவந்தலாவை மைந்தன்:
வாத்தியார், பிரதேச சபையை ஆட்களின் தொகை பார்த்துப் பிரித்தார்கள், இனத்தின் பெயர் பார்த்து இல்லை. நான் என்ன இனம் சொன்னாலும் பொகவந்தலாவையில் ஒரு ஆள்தான். தோட்டத்து வறுமையை எண்ணுவதற்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று இந்த நாட்டில் எல்லாப் புள்ளிவிவரத்தையும் மூன்றாகப் பிரித்துத்தான் போடுகிறார்கள். அதை வைத்துக் கேட்கலாமே.

மஸ்கெலியா வாத்தியார்:
லயத்தை விட்டு வந்தவர்கள் அந்தத் தோட்டக் கணக்கில் இருக்கமாட்டார்களே. இந்தத் தங்கச்சியின் குடும்பம் நகரக் கணக்கில் போய்விட்டது. கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் பையன்களும் அப்படித்தான். தோட்டத்திலும் இல்லை, இனத்திலும் இல்லை என்றால் அவர்களைக் கண்டுபிடிக்க எந்த வழியும் மிஞ்சாது.

பஜார் நானா:
நான் ஹட்டன் டவுனிலேயே பிறந்தவன். இங்கே பேசுகிறவர்கள் டவுனையும் தோட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். நகர சபை எல்லை கடைத்தெருவையும் அதைச் சுற்றி இருக்கும் வீடுகளையும் தாண்டி அதிகம் போகாது. அதற்குள் மாணிக்கப் பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், விகாரை, சர்ச் எல்லாம் நடந்துபோகும் தூரம். சிவனொளிபாதமலை சீசனில் ரயிலை விட்டு இறங்கும் சிங்கள யாத்திரிகர்களை வைத்துத்தான் பாதிக் கடைகளுக்கு வருட வருமானம். ஆனால் மலை ஏறி ஒரு மைல் போனால் நுவரெலியா மாவட்டத்தின் உண்மையான பெரும்பான்மை லயத்தில் இருக்கிறது. 2012 கணக்குப்படியே மாவட்டத்தில் 53 வீதம் நீங்கள்தான். டவுன் கணக்கை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர். முஸ்லிம்களான எங்களுக்கும் 'இந்தியச் சோனகர்' என்று தனிப் பெட்டி இருந்தது. 1971இல் 27 ஆயிரம் பேர் அதில் இருந்தார்கள். இப்போது அப்படி ஒரு பெயரே இல்லை, நாங்கள் எல்லாரும் சோனகர். என் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு நட்டமும் வரவில்லை. பெயர் கரைந்தால் ஆள் கரைந்துபோவான் என்று நான் நினைக்கவில்லை.

டிக்கோயாக்காரி:
நானா, உங்கள் பாட்டனாருக்குக் கடை இருந்தது. பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போய் வேறு கடை போட்டிருக்கலாம். என் பாட்டிக்குத் தோட்டத்தை விட்டு வெளியே ஒரு முகவரியும் இல்லை. வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, தோட்டத்து டிஸ்பென்சரி எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வாழ்க்கைக்கு ஒரு பெயர் உண்டு, அது இலங்கைத் தமிழர் என்ற பெயருக்குள் தெரியாது. அதைத்தான் நான் இழக்கப் பயப்படுகிறேன்.

வன்னி விவசாயி:
என்னைப் போன்றவர்களை இரண்டு பக்கமும் மறந்துவிட்டீர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் கிளிநொச்சிக்கு வந்தது. பிறந்ததும் வளர்ந்ததும் வெயிலில். மலையைப் படத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் 'மலையகத் தமிழர்' என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள். 'இலங்கைத் தமிழர்' என்று சொன்னால், கோயில் நிர்வாகத்திலும் கல்யாணப் பேச்சிலும் 'தோட்டக்காட்டார்' என்று ஒதுக்குகிறவர்கள் என்னை அந்தப் பெயரில் சேர்ப்பார்களா? கணக்கெடுப்பில் ஒரே இனம், ஊருக்குள் தனிக் குடியிருப்பு. இலங்கைத் தமிழர் என்று சொன்னால் போதும், எல்லாரும் ஒன்றாகிவிடுவோம் என்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் எங்கள் பக்கம் வந்து இருந்து பார்க்கவேண்டும்.

பொகவந்தலாவை மைந்தன்:
அண்ணா, நீங்கள் சொன்னது வலிக்கிறது. அதை மறுக்கமாட்டேன். ஆனால் பெட்டி தனியாக இருப்பதுதானே அந்த ஒதுக்கலுக்கும் சாக்கு?

வன்னி விவசாயி:
பெட்டி வருவதற்கு முந்தியே ஒதுக்கல் இருந்தது, தம்பி. சாதியும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

மஸ்கெலியா வாத்தியார்:
இதனால்தான் 'மலையகம்' என்பதை இடப்பெயராக மட்டும் நான் பார்ப்பதில்லை. 2023இல் நம் முன்னோர் வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த வழியில் செத்துக்கிடந்தவர்களின் வாரிசு நீங்களும்தான். மலையை நீங்கள் பார்க்காவிட்டாலும் அந்தப் பாதை உங்களுடையது. 'இந்திய' என்பதோடு ஒரு சாய்வுக்கோடு போட்டு ஒட்டாமல், இந்தப் பெயரைத் தனியாக அச்சிட்டிருந்தால் உங்கள் அப்பாவும் தயங்கியிருக்கமாட்டார், தங்கச்சி.

டிக்கோயாக்காரி:
நேற்று இரவு அப்பாவிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. வாலிபத்தில் கண்டியில் தையல் பழகப் போனபோது, 'நீ எப்போது இந்தியாவுக்குப் போகிறாய்' என்று முதலாளி தினமும் கேட்பாராம். மூன்று வருடம் கேட்டாராம். "என் பேரனை யாரும் அப்படிக் கேட்கக்கூடாது, அதனால்தான் சொன்னேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்காக அவர் சொன்னதை இனி நான் தப்பு என்று சொல்லமாட்டேன். எனக்காகவும் அவரே சொல்லியிருக்கவேண்டாம் என்பதில் மட்டும் மாறவில்லை.

ஒரு சந்தேகம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் வேறு வேறு இனம் சொல்லலாமா? கணக்கெடுப்பு வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மஸ்கெலியா வாத்தியார்:
2012இல் நான் அந்த வேலை பார்த்தேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் எழுதுவோம். சொன்னதை எழுதுவதுதான் எங்கள் வேலை, திருத்துவது இல்லை. அடுத்த தடவை உங்கள் பதிலை நீங்களே சொல்லுங்கள். வேலைக்குப் போகும் நாளாக இருந்தால் அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.